திசைவேகப் படம் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலூரில் எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளை வாரம் ஒரு திசைவேகப் படம் வரையச் சொல்வேன். மெஷினின் பாகங்கள் ஒரு கணத்தில் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை அம்புகளால் காட்டும் படம் அது. போன வாரம் ஒரு தம்பி நீட்டிய தாளைப் பார்த்ததும் திக்கென்றது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே பிழை, அதே இடத்தில்; கீழே முதலில் சொல்வது அதுதான். ஆர்.பி.எம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) வினாடிக்கு இத்தனை ரேடியன் என்ற கோண அளவாக மாற்ற மறப்பது, ஸ்கேல் எழுதாமல் விடுவது எல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாக்கும் காடியும் ஒரே வேகம் என்று எழுதுவது

இரும்பைச் செதுக்கும் ஷேப்பர் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் என்ற சுழலும் கையின் முனையில் இருக்கும் பிளாக், லீவரின் காடிக்குள் (நீளத் துளைக்குள்) வழுக்கிக்கொண்டே லீவரை ஆட்டுகிறது. பிளாக்கும் அதற்கு நேர் பின்னால் லீவரில் உள்ள புள்ளியும் அந்தக் கணத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. இடம் ஒன்றாக இருப்பதால் திசைவேகமும் ஒன்று என்று கை தானாக எழுதிவிடும்.

கிராங்க் 150 மி.மீ., கிராங்க் சுழலும் மையத்துக்கும் லீவர் ஆடும் மையத்துக்கும் இடைவெளி 300 மி.மீ., நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைப்போம். பிளாக் வினாடிக்கு 0.94 மீட்டர் ஓடுகிறது. இரு மையங்களையும் இணைக்கும் கோட்டுக்குக் கிராங்க் செங்குத்தாக நிற்கும்போது படம் வரைந்தால், அந்த வேகம் லீவருக்குச் செங்குத்தாக 0.42, காடியின் நீளவாக்கில் 0.84 என்று பிரியும். லீவரைத் திருப்புவது அந்த 0.42 மட்டும்தான். பிளாக் லீவர் ஆடும் மையத்திலிருந்து 335 மி.மீ. தள்ளி இருப்பதால் லீவர் வினாடிக்கு 1.26 ரேடியன் திரும்பும். 0.94-ஐ முழுசாகப் போட்டால் 2.8 வரும். இரண்டு மடங்குக்கும் மேல்!

நான் இதைச் செய்தது அப்பளத் தட்டு தள்ளும் ஒரு மெஷினில். லீவர் அவ்வளவு வேகமாக அடிக்கும் என்று பயந்து கனமான லீவர், பெரிய மோட்டார் என்று போட்டேன். அதுகூடப் போகட்டும். என் படத்தில் வழுக்கல் அம்பே இல்லாததால், காடிக்குள் உரசல் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. வெண்கலத் தகடு வைக்கவில்லை, எண்ணெய்த் துளையும் போடவில்லை. மூன்றாம் மாதம் உரிமையாளர் போன் செய்தார்: "அண்ணே, தட்டு கோணலா போகுது, கடகடன்னு சத்தம் வேற." பிரித்துப் பார்த்தால் காடியின் சுவரில் கட்டைவிரல் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். வரையாமல் விட்ட 0.84-தான் இரும்பைத் தின்றிருந்தது. கைக்காசில் புது லீவர் செய்து கொடுத்தேன்.

அதனால் பிளாக்குக்கு ஓர் எழுத்து, லீவரில் அதே இடத்துப் புள்ளிக்கு வேறு எழுத்து போடுங்கள். லீவர்ப் புள்ளியின் அம்பு லீவருக்குச் செங்குத்து. இரண்டுக்கும் நடுவே உள்ள அம்பு காடிக்கு இணை. முக்கோணம் மூடிவிடும். அப்புறம் முடுக்கக் கணக்குக்குப் போகும்போது கோரியாலிஸ் கூறு (திரும்பும் லீவரில் பிளாக் வழுக்குவதால் கூடும் முடுக்கம்) இந்த வழுக்கல் வேகத்தை வைத்துத்தான் வரும். இங்கே விட்டால் அங்கேயும் காணாமல் போகும்.

கனெக்டிங் ராடின் நீளவாக்கில் அம்பு போடுவது

கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராட். அது நீளாது, சுருங்காது. ஒரு முனையைப் பொறுத்து மறுமுனையின் திசைவேகம் ராடுக்குச் செங்குத்துதான்.

பிஸ்டன் நின்றால் ராடும் நின்றுவிடும் என்பது

நிற்காது. பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் ஒரு கணம் நிற்கும் இடமான டெட் சென்டரில்தான் ராட் மிக வேகமாகத் திரும்புகிறது.

ஒரே படத்தை வைத்து முழுச் சுற்றையும் முடிவு செய்வது

படம் அந்த ஒரு கணத்துக்கு மட்டும். 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வரையுங்கள்.