காபன் பட்டையை ஊறவைத்து, வெயிலில் வளைத்துப் பார்க்கலாம்

காபன் ஃபைபரை வெயிலும் மழையும் ஒன்றும் செய்யாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த என் ட்ரோனின் கை, அடுத்து வந்த வெயிலில் மோட்டார் பூட்டிய இடத்தில் முறுகி நிற்கும்வரை. இழைக்கு எதுவும் ஆகவில்லை. இளகியது அதைப் பிடித்து வைத்திருந்த எபொக்சி என்ற பிசின்.

காபன் இழை தண்ணீர் குடிக்காது, எபொக்சி குடிக்கும். இறுகிக் கிடக்கும் எபொக்சி ரப்பர் மாதிரி இளகத் தொடங்கும் வெப்பநிலையை டி.ஜி. என்பார்கள். அறைச் சூட்டிலேயே இறுகவிட்ட சாதாரண எபொக்சிக்கு அது பெரும்பாலும் 50 முதல் 70 டிகிரி செல்சியஸ்தான், உள்ளே போகும் தண்ணீர் அதை இன்னும் கீழே இறக்கிவிடும். விமானப் பாகங்களுக்கு 180 டிகிரியில் இறுகவைக்கும் எபொக்சியும் இதற்குத் தப்பாது, அதனால்தான் சூடும் ஈரமும் சேர்ந்த நிலையில் அதன் அமுக்க வலிமையைத் தனியாகச் சோதிக்கிறார்கள்.

சரி, செய்து பார்ப்போம்.

முதல் படி: காபன் துணியில் செய்த 2 மில்லிமீற்றர் தகட்டிலிருந்து 12 சென்ரிமீற்றர் நீளம், 15 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு பட்டைகள். இழைக்கு 45 பாகை சாய்வாக வெட்டுங்கள், இது மிக முக்கியம். இழையோடு நேராக வெட்டினால் பாரத்தை இழையே தாங்கிக்கொள்ளும், எபொக்சி பலவீனமானது வெளியே தெரியாது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள், முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது.

இரண்டாவது: ஒரு கிழமை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய போத்தலில் வைத்துவிட்டு நிறுங்கள். பட்டை 5 கிராம் சொச்சம்தான் இருக்கும், 1 சதவீதம் தண்ணீர் குடித்தாலும் கூடுவது 50 மில்லிகிராம், சமையலறைத் தராசுக்கு அது தெரியவே தெரியாது. செட்டியார் தெரு நகைக்கடைகளில் இருக்கிற மாதிரித் தராசு வேண்டும், 0.001 கிராம் காட்டுவதாக.

மூன்றாவது: ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், மற்றது சிலிக்கா ஜெல்லோடே இருக்கட்டும். 1, 4, 9, 16ஆம் நாட்களில் துடைத்து நிறுத்தால் கூடிய எடை கிட்டத்தட்ட 1, 2, 3, 4 என்ற கணக்கில் ஏறும், ஏனென்றால் தொடக்கத்தில் தண்ணீர் நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உள்ளே போகிறது. தகடு இரட்டிப்புத் தடிப்பு என்றால் நாலு மடங்கு காலம் எடுக்கும்.

அப்புறம் விடியற்காலையில் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு புளொக் கற்களின் மேல் பட்டையை வைத்து, நடுவில் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது. அதையே நண்பகலில், இரண்டு பட்டையும் அரை மணிநேரம் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் காய்ந்த பிறகு செய்யுங்கள். எனக்கு ஈரப்பட்டை கூடுதலாகத் தொய்ந்தது மட்டுமில்லை, போத்தல் தொங்கத் தொங்க இன்னும் இறங்கிக்கொண்டே போனது.

கடைசியாக, ஊறிய பட்டையைப் பழைய எடைக்கு வரும்வரை மறுபடி சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, இன்னொரு நண்பகலில் அதே போத்தலை மாட்டுங்கள். தண்ணீரால் மட்டும் வந்த இளக்கம் என்றால் திரும்பிவிடும். இழைக்கும் எபொக்சிக்கும் இடையில் பிடி விட்டிருந்தால், எவ்வளவு உலர்த்தினாலும் தொய்வு பழைய அளவுக்கு வராது.