வருடக்கணக்கில் நின்ற டொல்பின் கேம்பர் வேனை மறுபடி ஓட வைப்பது

நுவரெலியாவிலோ அட்டனிலோ மூன்று நான்கு மழைக்காலம் தறப்பாளுக்கு அடியில் நின்ற வேனுக்கு வழக்கமாக நடப்பது இதுதான்: பக்கத்து லொறியிலிருந்து வயர் போட்டு, சாவியைத் திருகி, எஞ்சின் உறுமியதும் அப்படியே இறக்கத்தில் விடுவது. இந்த ஊரில் வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நட்டம் கொஞ்சம். நிற்காவிட்டால் பள்ளம்தான். அதனால் வேலையைப் பிரேக்கில் தொடங்குங்கள்.

கீழே சொல்வது படுக்கையும் காஸ் அடுப்பும் வைத்து மாற்றிய டொல்பினுக்கு (டொயோட்டா ஹையேஸ் வேனுக்கு நம் ஊர்ப் பெயர்), அதாவது 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சினுக்கு. 2.4 லீற்றர் 2எல் எஞ்சினுக்கும் பெரும்பாலும் இதே வேலைதான்.

ஹேண்ட் பிரேக் இழுத்தபடி நின்றிருந்தால் பின் ட்ரம்மில் லைனர் துருவோடு ஒட்டியிருக்கும். எஞ்சின் பலத்தால் இழுத்து விடுவிக்கப் பார்த்தால் லைனர் பெயர்ந்து வரும். சமதரையில் முன் சில்லுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இருத்துங்கள். வெறும் ஜக்கை நம்பி அடியில் நுழைய வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ட்ரம்மின் விளிம்பைச் சுற்றிவரத் தட்டுங்கள். மரை போட்ட இரண்டு துளை இருந்தால் அதில் போல்ட்டை மாறி மாறி முறுக்கினால் ட்ரம் தானாக வெளியே வரும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் நீக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கும். இறம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பழைய ஒயில் கொதித்து, பெடல் வெறுமையாகிவிடும். சீல் உடைக்காத புதுப் போத்தலை வாங்கி, மாஸ்டர் பம்புக்கு (பெடல் மிதிக்க ஒயிலைத் தள்ளும் பம்ப்) எட்டத்தில் இருக்கும் பின் இடது சில்லில் தொடங்கி, தெளிந்த ஒயில் வரும்வரை காற்றெடுங்கள், அதாவது பெடலை மிதித்துப் பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். அப்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் மாஸ்டர் பம்பின் ரப்பர் வாஷர் இத்தனை நாள் தொடாத துருப் பகுதியில் உரசிக் கிழியும். கிளட்ச் ஒயிலையும் இதோடு மாற்றிவிடலாம்.

இனி சீட்டைத் தூக்கினால் எஞ்சின். முதலில் எயார் பில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூட்டை அள்ளுங்கள். வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் புதிது போடுங்கள். கணக்கு 100,000 கிலோமீற்றர்தான், ஆனால் நின்ற வண்டியில் ரப்பர் வயதால் சாகும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும். நான்கு ஹீட்டர் பிளக்கையும் (ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றுபவை) கழற்றி, துளைக்கு 5 மில்லிலீற்றர் எஞ்சின் ஒயில் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். இறுகினால் நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள். கழற்றிய பிளக்குகளை மீட்டரில் பாருங்கள்: ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் நல்லது, ஒன்றுமே காட்டாதது செத்தது. மாசிப்பனியில் ஒரு பிளக் செத்தாலும் காலையில் தெரியும்.

பாதி டாங்கியோடு நின்ற வேனில் இரவு ஈரம் உள்ளே பனித்துத் தண்ணீராகும். டாங்கியின் அடி நட்டைக் கழற்றி ஒரு லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீரும் அதன்மேல் கறுத்த சளியும் கண்டால் டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும், வேறு வழியில்லை. டீசல் பில்டரைப் புதிதாகப் போட்டு, அதன் தலையிலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்துங்கள்.

பற்றரியைச் சார்ஜ் செய்து பன்னிரண்டு மணி நேரம் சும்மா வைத்தபின் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஒயிலும் பில்டரும் மாற்றி, பிளக் போடுமுன், டீசல் வராதபடி டீசல் பம்பின் கட் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பிளக், வயர் எல்லாம் பூட்டி, ஹீட் விளக்கு அணைந்தபின் ஸ்டார்ட் பண்ணலாம். பிடிக்காவிட்டால் டீசலைப் பீச்சும் நொசில்களின் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக் காற்றெடுங்கள், கையையும் முகத்தையும் எட்ட வைத்துக்கொண்டு. ஸ்டார்டிங் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

வெள்ளைப் புகை சில நிமிடத்தில் அடங்கும். அடங்காமல் கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம் ஒல்டனேட்டரின் முதுகிலுள்ள சிறு பம்பிலிருந்து வருகிறது. எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் தாழ வேண்டும்.

டயரின் பக்கத்தில் 2316 என்று இருந்தால் அது 2016ன் 23வது வாரம். வெடிப்பு இல்லாவிட்டாலும் பத்து வருடம் தாண்டியதை மலையில் ஓட்ட வேண்டாம்.

வீட்டுப் பகுதியில் காஸ் குழாயை மாற்றி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கிக்கு ஐந்து வீத பிளீச் 40 மில்லிலீற்றர்; நான்கு மணி நேரம் வைத்து நன்றாக அலசுங்கள்.

காப்புறுதியைப் புதுப்பித்து, முதல் ஓட்டத்தைக் கிரகரி வாவியோரம்போல் சமமான வீதியில் வையுங்கள். நிறுத்தி ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் இன்னும் பிடிக்கிறது. இத்தனையும் முடிந்தபின்தான் புகைப் பரிசோதனை. அங்கே ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து மிதித்துத்தான் அளப்பார்கள். பழைய டைமிங் பெல்ட் அறுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.