3டி கண்ணாடியில் நிறம் மங்குவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நெல்லைச் சீமையின் சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டை இரட்டை லென்ஸ் காமிராவில் படமெடுத்து வந்து 3டி டிவியில் போட்டால், கண்ணாடி அணிந்த மறுகணமே அந்தச் செக்கச்சிவந்த மணல் பழைய செங்கல் தூளாகிவிடும். குற்றம் காமிராவினுடையது அன்று. வெறுங்கண்ணால் நிறத்தைச் சரிசெய்துவிட்டு, அதன்பின் கண்ணாடியை மாட்டிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

இரு கண்களையும் மாறிமாறி மூடித் திறக்கும் ஷட்டர் கண்ணாடி ஒவ்வொரு கண்ணையும் பாதி நேரம் மூடிவைப்பதோடு, மிச்ச ஒளியிலும் ஒரு பங்கை விழுங்கி, பெரும்பாலும் லேசான பச்சை அல்லது மஞ்சள் சாயலையும் ஏற்றிவிடுகிறது. சாதாரணப் படத்துக்குத் திரையரங்கின் வெளிச்சத் தரம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு). 3டியில் கண்ணை எட்டுவதோ பல இடங்களில் 15 அளவே. வெளிச்சம் குறையக் குறைய நிறத்தின் செறிவும் கண்ணுக்குக் குறைந்தே தெரியும். இதை ஹண்ட் விளைவு என்பர். ஆகவே 3டி முறையை இயக்கி, நிறத்தை அளக்கும் கருவியான நிறமானியின் முன் கண்ணாடியின் வில்லையை வைத்து, இடம் வலம் இரண்டையும் தனித்தனியே அளந்து, அந்த அமைப்பைச் சாதாரணப் படத்தின் அமைப்போடு கலக்காமல் சேமிக்க வேண்டும்.

மங்கலைப் போக்க நிறச்செறிவையும் கான்ட்ராஸ்டையும் கடைசிவரை ஏற்றுவது அடுத்த தவறு. மணலின் அலைவரிகள் ஒரே சிவப்புப் பூச்சாகக் கரைவதுடன், ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசியும் நிழலும் துலங்கிவிடும். புரொஜெக்டரானால் 10 அடி அகலப் படத்தை 7 அடிக்குச் சுருக்கினாலே வெளிச்சம் ஏறக்குறைய இரு மடங்காகும். பெரிதாகப் பார்க்கும் ஆசைக்கு இது கசக்கத்தான் செய்யும்.

ஒளி அதிரும் திசையைக் கொண்டு இரு கண்ணின் படங்களையும் பிரிக்கும் போலராய்டு கண்ணாடி வகைக்குச் சுண்ணாம்புச் சுவரும் வெள்ளை வேட்டியும் உதவா. அவை முனைவாக்கம் எனப்படும் அந்த அதிர்வுத் திசையைக் குலைத்து இரு படங்களையும் கலந்துவிடும். சினிமாவுக்கே பெயராகிவிட்ட வெள்ளித்திரை, அதாவது உலோகப் பூச்சுத் திரை, இங்கே மெய்யாகவே வேண்டும். சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்: நொடிக்கு 100 முறை துடிக்கும் அதன் ஒளி, 60 முறை திறக்கும் ஷட்டரோடு ஒத்துப்போகாமல் அறையையே மினுங்க வைக்கும்.

சிவப்பும் நீலப்பச்சையும் கொண்ட தாள் கண்ணாடிக்குத் தேரியைவிடக் கடினமான காட்சி இல்லை. மணல் சிவப்பு வில்லையில் பளீரென்றும் மற்றதில் கருமையாகவும் தெரிவதால், இரு கண்களும் ஒன்றோடொன்று பிணங்கி, மணல் கொதிப்பதுபோல் அலையும். முழு நிறத்தையும் காப்பாற்ற முயல்வதே இங்கே தவறு. இடக்கண் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சிவப்பின் இடத்தில் வைத்து, வலக்கண் படத்திலிருந்து பச்சையையும் நீலத்தையும் மட்டும் சேர்த்தால், சிவப்பு வெளுத்தாலும் தேரியின் பனைகள் கண்ணை உறுத்தாமல் தத்தம் தொலைவில் நிற்கும்.