லேசர் கற்றை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசரைக் கையாள்வோர் செய்யும் பிழைகளில் பல, அதன் ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் கொண்டு மதிப்பிடுவதிலிருந்தே தொடங்குகின்றன. வீட்டிலுள்ள 10 வாட் எல்.இ.டி. பல்பு கண்ணைக் கெடுப்பதில்லை, அப்படியிருக்க 5 மில்லிவாட் லேசர் பாயின்டர் என்ன செய்துவிடும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பல்பின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிப் போவதால் அதில் மிகச் சிறு பகுதியே கண்மணிக்குள் நுழைகிறது. அதுவும் விழித்திரையில் பரவலாகவே விழுகிறது. லேசர் கற்றையோ முழுவதுமாக உள்ளே சென்று, கண்ணின் லென்ஸால் மைக்ரோமீட்டர் கணக்கிலான ஒரு புள்ளியாகக் குவிக்கப்படுகிறது. இந்தக் குவிப்பால், கருவிழியில் விழும் செறிவைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவு விழித்திரையில் உண்டாகக்கூடும். லேசர்களை ஆபத்தின் அளவைக் கொண்டு பிரிக்கும் வகுப்புகளில், 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகுப்பு லேசர்கூட, கண் கூசிக் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஆகவே வேண்டுமென்றே உற்றுப் பார்ப்பவருக்கு அந்த வகுப்பு எண் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கற்றையை இல்லாத கற்றையாக நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. மலிவான பச்சை பாயின்டர்கள் பலவற்றில் 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தரும் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உண்டாக்க, இன்னொரு படிகம் அதை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டால், மாறாமல் எஞ்சிய கதிரும் சேர்ந்தே வெளியேறும். பச்சை மங்கலாக இருப்பதால் கருவி பழுதாகிவிட்டதென்று முகத்துக்கு நேரே திருப்பிப் பார்ப்பவர், கூச்சமே தராத அந்தக் கதிரை விழித்திரையில் வாங்கிக்கொள்கிறார். விழித்திரையில் வலி உணர்வு இல்லாததால், பார்வையில் கரும்புள்ளி தோன்றிய பிறகே பாதிப்பு தெரியவரும்.

பாதுகாப்புக் கண்ணாடியைப் பொறுத்தவரை, ஏதாவது ஒன்றை அணிந்தால் போதும் என்ற எண்ணம் ஆய்வகங்களில் பரவலாக இருக்கிறது. குளிர்கண்ணாடி இதற்கு உதவவே உதவாது. லேசருக்கான கண்ணாடியும் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டுமே தடுக்கும். 532-க்கு வாங்கியது 650 நானோமீட்டர் சிவப்பை அப்படியே விட்டுவிடலாம். அதன் சட்டத்தில் அலைநீள எல்லையும், ஒளியடர்த்தி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கே ஊடுருவும் என்று பொருள். சரியான கண்ணாடி அணிந்தவரும் கற்றையைத் தன் கண் மட்டத்தில் ஓடவிடக் கூடாது. கற்றையை எதிரொளிக்கக்கூடிய மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே, கற்றையைத் திருப்பும் ஆடிகளைச் சரிசெய்ய வேண்டும்.

வெட்டும் இயந்திரங்களில் உள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிர் விழித்திரையை எட்டுவதில்லை, ஆனால் கருவிழியைச் சுட்டுவிடும். அந்தப் பட்டறைகளில் நான் அதிகம் அஞ்சுவது பி.வி.சி. தகட்டை வெட்டும் பழக்கத்தைத்தான். சூட்டில் அதிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் ஒருங்கே அரிக்கும்.

கற்றை எவ்வளவு தொலைவு சென்றாலும் விரியாது என்று நம்புவதும் பிழையே. ஒளி அலையாகப் பரவுவதால் நேரும் விளிம்பு விளைவின் காரணமாக எந்தக் கற்றையும் விரிந்தே தீரும். தொடக்கத்தில் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விரியும். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் வைத்த எதிரொளிப்பானை நோக்கி அனுப்பப்படும் கற்றையும், தொலைநோக்கி வழியே முதலில் அகலப்படுத்தப்பட்டும்கூட, அங்கே சேரும்போது கிலோமீட்டர் கணக்கில் பரவிவிடுகிறது. சாதாரண பாயின்டரின் விரிவு 1 மில்லிரேடியன் அளவில், அதாவது மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இருந்தால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் கற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமாகும். இதைக் கேட்டுவிட்டு, தொலைவில் பறக்கும் விமானத்தை நோக்கிக் காட்டினால் தீங்கில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. விழித்திரையைச் சுடும் வலிமை அங்கே குறைந்திருந்தாலும், விரிந்த அந்த ஒளி முகப்புக் கண்ணாடியின் கீறல்களில் பட்டுச் சிதறி, தரையிறங்கும் நேரத்தில் விமானிக்கு ஓடுபாதையையே மறைத்துவிட முடியும்.