குழந்தைக்கு வெயில் தொப்பி: தலையில் நிற்கும்படி தைப்பது எப்படி?

சித்திரை வெயிலில் தொப்பி போட்டு அனுப்பிய குழந்தை, தெருமுனை திரும்புவதற்குள் அதைக் கழற்றிவிடுவது பெரும்பாலும் அளவுக் கோளாறால்தான். சுற்றளவும் விளிம்பின் சரிவும் பொருந்தினால் தொப்பி தானாகவே நிற்கும். தாடைக்குக் கீழ் நாடா கட்டுவது கடைசி வழி.

புருவத்துக்கு ஒரு விரல் மேலிருந்து பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி டேப்பால் அளக்க வேண்டும். மூன்று வயதில் இது ஏறத்தாழ 50 செ.மீ. இருக்கும், 2 செ.மீ. கூட்டி 52 என வைத்துக்கொள்ளலாம். கீழுள்ள அளவுகள் அதற்கானவை. தையலுக்கு எல்லா ஓரங்களிலும் 1 செ.மீ. தனியாக விட வேண்டும்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் புள்ளி புள்ளியாக ஒளி தெரியும் துணி வெயிலையும் உள்ளே விடும் என்பதால், நெருக்கமாக நெய்த பாப்ளின் அல்லது தடித்த காடா ஏற்றது. வெட்டுவதற்கு முன்பே அதை நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லையேல் முதல் சலவையிலேயே தொப்பி சுருங்கி நெற்றியை இறுக்கும். உள்துணிக்குப் பழைய வேட்டியைவிட மேலானது இல்லை என்பது என் எண்ணம்.

உச்சிக்கு 8.3 செ.மீ. ஆரமுள்ள வட்டமும், சுற்றுப்பட்டைக்கு 52 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டும் போதும். விளிம்பில்தான் கவனம் வேண்டும். அதை முழு வளையமாக வெட்டினால் தட்டுப்போல நீட்டி நின்று, காற்று வந்தவுடன் தொப்பியைத் தூக்கிவிடும். ஆகவே, உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 16 செ.மீ. கொண்ட வளையத்தைத் தாளில் வரைந்து, காம்பஸை அதே 10 செ.மீ. அகலத்தில் வைத்து உள்வட்டத்தில் குறித்துக்கொண்டே போனால் கிடைக்கும் ஆறு சமபங்குகளில் ஒன்றை நீக்கிவிட வேண்டும். மிஞ்சிய பகுதியின் இரு முனைகளையும் இணைத்தால் உள்சுற்று 52 செ.மீ. அளவுக்கு வரும், விளிம்பும் கீழே சரிந்து காதுக்கும் பிடரிக்கும் நிழல் தரும்.

விளிம்புக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, வெளி ஓரத்தைத் தைத்துப் புரட்டிய பின், 1 செ.மீ. இடைவெளியில் வட்டமாக மேல்தையல் போட்டால் கான்வாஸ் இல்லாமலே விறைப்பு வரும். அடிப்பக்கத் துண்டு அடர்நிறமாக இருந்தால் தரையிலிருந்து வரும் கண்கூச்சம் குறையும். உச்சியைச் சுற்றுப்பட்டையுடன் இணைக்கும்போது பட்டையின் ஓரத்தில் சிறு வெட்டுகள் கொடுத்தால் வளைவு சுருக்கமின்றி அமரும்.

எல்லாம் இணைந்த பின், உள்ளே தெரியும் தையலை, துணியில் மூலைவாட்டில் வெட்டிய மெல்லிய பட்டையால் மூட வேண்டும், ஏனெனில் நெற்றியில் உரசும் பிசிறே குழந்தை தொப்பியைப் பிடித்து இழுப்பதற்குப் பாதிக் காரணம். அந்தப் பட்டையின் பின்பகுதியில் 17 செ.மீ. நீளத்துக்கு 12 செ.மீ. எலாஸ்டிக்கைக் கோத்து இரு முனைகளையும் தைத்துவிட்டால், தலை சற்று வளர்ந்தாலும் தொப்பி நெகிழ்ந்து கொடுக்கும்.

கடற்கரை போன்ற காற்று மிகுந்த இடங்களுக்கு நாடா வேண்டுமென்றால், முடிச்சுப் போடும் கயிறு கூடாது. காதுக்கு அருகே இருபுறமும் தைத்த அகலப் பட்டைகளைத் தாடைக்குக் கீழ் சிறிய வெல்க்ரோவால் இணைக்கலாம். எங்காவது மாட்டி இழுபட்டால் அது உடனே பிரிந்துவிடும். சறுக்குமரம், ஊஞ்சல் ஏறும்போதும், குழந்தை தூங்கும்போதும் நாடா உள்ள தொப்பியைக் கழற்றிவிடுவதே முறை.