மருந்துக் காப்புரிமை பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘தேசிய அவசரநிலை வந்தால்தான் அரசு கட்டாய உரிமம் கொடுக்க முடியும்.’ கொரோனா காலத்தில் இந்த வரியைப் படிக்காதவர்கள் குறைவு. சட்டம் படித்தவர்களே இப்படி எழுதுகிறார்கள். காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தை இன்னொருவர் தயாரிக்க அரசு கொடுக்கும் அனுமதிதான் கட்டாய உரிமம். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸின் 31ஆவது பிரிவில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. உரிமம் கேட்பவர் முதலில் காப்புரிமையாளரிடம் நியாயமான தொகைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது அது. அவசரநிலை என்றால் அந்தப் பேச்சுவார்த்தை தேவையில்லை; அவசரநிலைக்கு அங்கே இருக்கும் வேலை இவ்வளவுதான். எந்தக் காரணத்துக்காக உரிமம் கொடுப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் 2001இல் வெளியிட்ட தோஹா பிரகடனமும் பளிச்சென்று சொல்லிவிட்டது.

நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸவார் மருந்தை பேயர் நிறுவனம் ஒரு மாதத்துக்குச் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. விலை மாதத்துக்கு 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அப்போது நாட்டில் எந்த அவசரநிலையும் இல்லை. தேவைப்பட்டவர்களுக்கு மருந்து போய்ச் சேரவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை, காப்புரிமை இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை: காட்டிய காரணங்கள் இவைதான். பேயருக்கு ராயல்டியும் உண்டு. இதைத் ‘திருட்டு’ என்று எழுதுபவர்கள் அந்த ராயல்டியை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, காப்புரிமையே மனித உரிமை என்று சொல்வது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆவது பிரிவுக்கு இரண்டு பகுதிகள். அறிவியல் முன்னேற்றத்தின் பயன் எல்லோருக்கும் என்பது முதல் பகுதி. படைத்தவரின் நலனுக்குப் பாதுகாப்பு என்பது இரண்டாவது. நிறுவனங்களின் தரப்பு இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டும், போராட்டக்காரர்கள் முதலாவதை மட்டும். இரண்டாவது பகுதி பேசுவது படைத்த மனிதரைப் பற்றி. விற்கவும் மாற்றிக் கொடுக்கவும் கூடிய, கெடு முடிந்தால் காலாவதியாகும் காப்புரிமையை அதனோடு சமமாக வைக்கக் கூடாது என்று ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 2005இல் தன் 17ஆவது பொதுக் கருத்துரையில் விளக்கியது. நிறுவனங்களின் உரிமை இந்த வகை மனித உரிமைக்குள் வராது என்றும் அதே உரையில் இருக்கிறது.

உலக வர்த்தக அமைப்பை ஐ.நா. முகமை என்று எழுதாதீர்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்புதான் 1974 முதல் ஐ.நா.வின் சிறப்பு முகமை. இது வெறும் பெயர்க்குழப்பம் இல்லை, வழக்கு எங்கே போகும் என்பதையே மாற்றும். ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, பலன் கூடாவிட்டால், காப்புரிமை மறுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு ட்ரிப்ஸுக்கு முரணானது என்று நோவார்டிஸ் மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்கான இடம் உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்க்கும் ஏற்பாடு. அங்கே படியேற நாடுகளால்தான் முடியும், கம்பெனிகளால் முடியாது.

கடைசியாக, எல்லாப் பழியையும் ட்ரிப்ஸ் மேல் போடுவது. மருந்துப் பரிசோதனைத் தரவை இத்தனை ஆண்டு போட்டி நிறுவனங்கள் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் உரிமை, 20 ஆண்டுக்கு மேலும் காப்புரிமை நீட்டிப்பு போன்றவை பெரும்பாலும் இருதரப்பு, வட்டார வர்த்தக ஒப்பந்தங்கள் வழியாக நுழைபவை. ட்ரிப்ஸ் இவற்றைக் கேட்கவில்லை. ‘ட்ரிப்ஸ் கட்டாயப்படுத்துகிறது’ என்று எழுதுமுன் அந்த நாடு வேறு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று தேடி, அதன் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.