மணிக்கட்டில் பிளேட் வைத்த பிறகு: தசைக்குப் பயந்து செய்யும் தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மழைக்காலம் என்றால் சரிவெல்லாம் வழுக்கும். கையை ஊன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடைவது, மணிக்கட்டை ஒட்டிக் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பு. எலும்பு ரொம்ப விலகியிருந்தால் உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். சேலத்துக்கு இறங்கி வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், வீட்டுக்குப் போனதும் கையை அசைக்கவே அஞ்சுகிறார்கள். "உள்ள தசையை வெட்டித் தைச்சிருக்காங்க, திருப்பினா பிரிஞ்சிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இந்தப் பயம்தான்.

அந்தத் தசையின் பெயர் ப்ரோனேட்டர் குவாட்ரேட்டஸ். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் குறுக்கே, சதுரமாக, மெல்லிசாகப் படிந்திருக்கும். உள்ளங்கையைத் தரை பார்க்கத் திருப்புவது அதன் வேலை. பிளேட் உட்கார வேண்டிய இடத்தை அதுதான் மூடியிருக்கிறது. அதனால் பெரும்பாலும் ஆரை எலும்பின் ஓரத்தில் அதைப் பிரித்து ஒதுக்கித்தான் பிளேட் வைக்கிறார்கள். சிலருக்கு விழுந்த வேகத்தில் எலும்பு முனை குத்தி, முன்பே கிழிந்துபோயிருக்கும்.

முடிக்கும்போது அதைத் திரும்பத் தைப்பதும் உண்டு. நைந்து, தையல் நிற்காது என்றால் அப்படியே விடுவதும் உண்டு. தைக்கவில்லை என்று தெரிந்ததும் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். இருதரப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஒரு வருடம் கழித்துக் கைப்பிடி பலத்திலும் கை திருப்புவதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே இன்னொரு தசையும் இதே வேலையைச் செய்கிறது அல்லவா? தைத்தால் பிளேட்டுக்கும் விரல்களை மடக்கும் தசைநாண்களுக்கும் நடுவே ஒரு மறைப்பு கிடைக்கும் என்று தைக்கிற டாக்டர்கள் நினைக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பிளேட் மணிக்கட்டுப் பக்கம் அளவுக்கு மீறித் தள்ளி உட்கார்ந்திருந்தால் நாண் உரசும் ஆபத்து கூடும். ஆகவே, "பிளேட்டோட முனை எங்க இருக்கு, எக்ஸ்ரேயில காட்டுங்க டாக்டர்" என்று கேளுங்கள். தைத்தீர்களா என்று கேட்பதைவிட இது உபயோகமான கேள்வி.

சரி, அசைப்பது எப்படி? விரல்களை ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்தே முழுசாக மடக்கி நீட்ட வேண்டும். கையைத் திருப்பும் பயிற்சியை டாக்டர் அனுமதித்த நாளில் ஆரம்பியுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு டிகிரி மடக்கி, கைப்பிடியில் ஒரு பேனாவைப் பிடித்து, அது இரு பக்கமும் சாயும்படி மெதுவாகக் கையைத் திருப்புங்கள். விலாவை விட்டு முழங்கை விலகினால் தோள்தான் திரும்புகிறது. மணிக்கட்டுக்கு எதுவும் கிடைக்காது. உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பாமல் இறுகிவிட்டால் சோறு அள்ளுவதும் சிரமம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும்.

எண்ணெய் போட்டு உருவி இழுத்துவிடுவது வேண்டாம். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை குடம் தூக்குவதும் வேண்டாம்.

அப்புறம், கை நன்றாகிவிட்டது என்று பிளேட்டையே மறந்துவிடாதீர்கள். மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் கட்டைவிரலை மடக்கும்போது மணிக்கட்டில் நறநறவென்று உரசலோ வலியோ வந்தால், நாண் தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். கட்டைவிரலின் நுனிக் கணு திடீரென்று மடங்கவில்லை என்றால் அந்த நாண் அறுந்தேபோயிருக்கலாம். அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.